அடி என்று குறிக்க வேண்டியவை

மசன்
2022 ஏப்ரல் 11

தம்பி கியூதேவுக்கு,

உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடுவாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கிழிக்காமல் இருந்தால் படி. நீ சிறைக்குப் போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. பார்க்கவும் வரவில்லை. சொந்தத் தம்பியின் வழக்கில் கூண்டில் ஏறி அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவள் எந்த முகத்தோடு வருவேன்?

இப்போது எழுதக் காரணம் ஒரு கேள்வித்தாள். சிரிக்காதே. நான் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் கூலி வேலை செய்கிறேன். முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஒரே வேலையைத் துண்டு துண்டாகச் செய்கிறோம். போன வாரம் அதன் நடுவே யாரோ ஆராய்ச்சி மாணவர்கள் அனுப்பிய கேள்வித்தாள் ஒன்று வந்தது. 'நீங்கள் இந்த வேலையை ஏன் செய்கிறீர்கள்?' கூடுதல் வருமானம், பொழுது போக, வெளியே போய் வேலை பார்க்க முடியாத நிலை, புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ள. இவற்றில் ஒன்றைத் தொட வேண்டும். கடைசியில் 'வேறு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன். நேரம் முடிந்து பக்கம் தானாக மூடிக்கொண்டது. அந்த விடையை அனுப்பவே முடியவில்லை. சொல்ல ஆள் தேடிப் பார்த்தேன். உன்னைத் தவிர யாரும் இல்லை.

வேலை இதுதான். கண்காணிப்புக் கேமராவில் பதிந்த படங்கள் சின்னச் சின்னத் துண்டுகளாக வரும், சத்தம் இருக்காது. மதுக்கடை, கார் நிறுத்துமிடம், லிஃப்ட், முதியோர் இல்லத்துத் தாழ்வாரம். ஆட்கள் அடித்துக்கொள்வார்கள். அடி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அடிப்பது யார் என்று நான் குறிக்க வேண்டும். அதைப் பார்த்து எந்திரம் கற்றுக்கொள்ளுமாம். நாளைக்குத் தெருவில் எவனாவது கை ஓங்கினால் எந்திரமே போலீசைக் கூப்பிட்டுவிடுமாம். நேற்று ஒரு மீன்கடைக்காரன் தன் கூட்டாளியின் தலையைப் பிடித்து ஐஸ் பெட்டியின் விளிம்பில் மோதிக்கொண்டே இருந்தான். கூட்டாளியின் கால் உதறுவது நின்ற இடத்தில் 'முடிவு' என்று குறித்தேன். பிறகு எழுந்துபோய் அரிசி களைந்தேன்.

என் கணவர் வீட்டில்தான் இருக்கிறார். நீ உடைத்த முழங்கால் மடங்குவதே இல்லை. லாரி ஓட்டுவது நின்றுபோய்விட்டது. ஊன்றுகோலால் தரையைத் தட்டி என்னைக் கூப்பிடுவார். மீன் பதனிடும் ஆலையில் ஆள் எடுத்தபோது போகிறேன் என்றேன். "அங்க போயி எவன்கிட்ட இளிக்கப் போற?" என்றார். இணைய வேலை என்றதும் ஒத்துக்கொண்டார். "சரி, கண்ணு முன்னாடியே கெடப்ப."

பதில் எழுதினால் வீட்டுக்கு அனுப்பாதே. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் சலவைக்கடை முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கடைக்காரி நல்ல மாதிரி, வாங்கி வைப்பாள்.

உன் அக்கா
ஹேரன்


2022 ஏப்ரல் 26

சங்பேயின் மனைவிக்கு,

கிழிக்கவில்லை. முழுதும் படித்தேன். இங்கே படிக்க வேறு எதுவும் இல்லை.

நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். சூசொக் பண்டிகைக்குப் பேரிக்காய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோஜேவிலிருந்து வந்தேன். கதவைத் திறந்தாய். இடது கண் கத்தரிக்காய் நிறத்தில் மூடிக் கிடந்தது. "அலமாரிக் கதவு பட்டுருச்சு" என்றாய். உள்ளே அவன் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். "வா மச்சான்" என்றான். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "பேசணும், கீழ வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனேன். என் வண்டியில் வேலைக்கு வைத்திருந்த இரும்புக் குழாய் கிடந்தது. மிச்சம் உனக்குத் தெரியும்.

கோர்ட்டில் வழக்கறிஞர் உன்னைக் கேட்டார், "உங்க புருஷன் உங்கள அடிச்சதுண்டா?" நீ மைக்கைப் பார்த்துக்கொண்டே "இல்லீங்க" என்றாய். "அன்னைக்கு உங்க தம்பி குடிச்சிருந்தாரா?" "ஆமாங்க." இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாய். காரணமே இல்லாமல் வெறி பிடித்து அடித்தவன் என்று என்மேல் எழுதி, நாலு வருடம் போட்டார்கள்.

இப்போது நீ உட்கார்ந்து ஊரான் வீட்டு அடியைப் பார்த்துக் குறிக்கிறாயாம். கூலி கொடுத்தால்தான் உனக்குக் கண் தெரியுமா? மீன்கடைக்காரன் மோதுவது தெரிகிறது, உன் முகத்தில் விழுந்தது தெரியவில்லை. ஏன் இந்த வேலை செய்கிறாய் என்று என்னிடம் கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பேன். பார்த்துப் பழகிவிட்டது, விட முடியவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து, விடுதலை நாளுக்கு வெளியே அனுப்பும் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. நன்னடத்தையாம். வெளியே வந்ததும் குளிக்கக்கூட மாட்டேன், நேராக உன் வீட்டுக்குத்தான் வருவேன். அவனுக்கு இன்னொரு கால் நன்றாகத்தானே இருக்கிறது.

கியூதே


மசன்
2022 மே 12

கியூதே,

'சங்பேயின் மனைவிக்கு' என்று எழுதியிருந்தாய். சரி, அவர் மனைவிதான். ஆனால் நீ பார்த்ததை மட்டும் சொன்னாய். நான் பார்த்ததையும் கேட்டுக்கொள்.

நான் படியில் ஓடி வந்தேன். முதல் அடியிலேயே அவர் விழுந்துவிட்டார். "போதும்டா கியூதே" என்று உன் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். நீ என்னை உதறினாய். பக்கத்துக் காரின் கதவில் போய் மோதி விழுந்தேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது, அதன் பிறகும் அடித்தாய். முழங்கால் உடைந்தபோது காய்ந்த மூங்கில் முறிவது போலச் சத்தம் வந்தது, அதன் பிறகும் அடித்தாய். அம்மாவை அடிக்கும்போது அப்பா நாக்கைக் கடித்துக்கொள்வாரே, அதே மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாய். அந்த நேரம் நீ எனக்காக அடிக்கவில்லை. உன் படம் எனக்கு வேலையாக வந்திருந்தால் அதையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை குறித்திருப்பேன்.

இனி என் பக்கம்.

வேலையில் சேர்ந்த புதிதில் நான் குறித்தவற்றில் பாதி திரும்பி வந்தன. ஒரு படம் நன்றாக நினைவிருக்கிறது. சாப்பாட்டு மேசை. ஒருவன் மனைவியின் கன்னத்தில் அறைகிறான், முடியைப் பிடித்து நாற்காலியோடு இழுக்கிறான். அவள் எழுந்து முடியைச் சரிசெய்துகொண்டு சூப் ஊற்றுகிறாள். நான் 'சம்பவம் எதுவும் இல்லை' என்று குறித்தேன். ஏமாற்றவில்லை, சோம்பலும் இல்லை. உண்மையாகவே எனக்கு எதுவும் தெரியவில்லை. வீட்டில் நடப்பதுதானே என்று கை தானாகக் குறித்துவிட்டது.

சரிபார்ப்பவர் யாரோ, ஆணா பெண்ணா தெரியாது, குறிப்பு எழுதியிருந்தார். 'வழிகாட்டியை மறுபடி படியுங்கள். அறைதல், முடியைப் பிடித்து இழுத்தல், கழுத்தைப் பிடித்தல், சுவரோடு தள்ளுதல், வழியை மறித்தல், பொருளை எறிதல் எல்லாமே அடி என்று குறிக்க வேண்டியவை. அடி வாங்கியவர் விழுந்தாலும் விழாவிட்டாலும்.'

அதை வாய்விட்டுப் படித்தேன். பக்கத்து அறையில் அவர் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைமேல் இருந்த பார்லித் தண்ணீரைக் கொட்டிவிட்டேன்.

கோர்ட்டில் "அடிச்சதுண்டா?" என்று கேட்டபோது என் கண்ணுக்கு முன் வந்தவர் அப்பா. பெல்ட்டின் பித்தளைக் கொக்கி, அம்மாவின் உடைந்த பல். என் கணக்கில் அதுதான் அடி. இவர் செய்ததெல்லாம் கோபம். அறைவார், தள்ளுவார். ஒருமுறை பாத்திரம் கழுவும் தொட்டியில் போய் விழுந்து விலா எலும்பு ஒடிந்தது. நான் விழுந்ததுதானே என்று இருந்துவிட்டேன். பயம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சாட்சிக்குப் போவதற்கு முதல் நாள், மருத்துவமனைக் கட்டிலில், கம்பியால் கட்டிய பல்லிடுக்கு வழியாக அவர் சொன்னார், "ஒன் தம்பி வெளிய வந்தா என்னைக் கொல்லுவான். நான் செத்தா நீ எங்க போயி நிப்ப?" அதுவும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

நான் ஏன் இந்த வேலை செய்கிறேன் என்று ஒரே வரியில் சொன்னாய். தப்பு. பணமும் காரணம் இல்லை, அது அவர் கணக்குக்குப் போகிறது. ஒவ்வொரு படத்தையும் மூன்று பேர் பார்ப்போம். ஒருவரை ஒருவர் தெரியாது. இரண்டு பேர் அடி என்று சொன்னால் அது அடி. நான் குறிக்கிறேன், எங்கோ பூசானிலோ தேகுவிலோ உட்கார்ந்திருக்கும் இன்னொருத்தரும் அதையே குறிக்கிறார். திரையில் பச்சை எழுத்தில் 'ஒத்துப்போகிறது' என்று வரும். பதினாறு வருடமாக இந்த வீட்டில் நடப்பதைப் பார்க்க நான் ஒருத்திதான் இருந்தேன், நானும் சரியாகப் பார்க்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் தினமும் போய் உட்காருகிறேன். 'வேறு' என்ற கட்டத்தில் இதை எப்படி எழுதுவது?

ஆகஸ்டில் இங்கே வராதே. வந்தால் உங்களில் ஒருவர் சாவார், அதையும் நான்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஹேரன்


2022 ஜூன் 20

அக்கா,

உடனே எழுத முடியவில்லை. தனி அறையில் போட்டிருந்தார்கள். அங்கே காகிதம் தர மாட்டார்கள்.

என் அறையில் ஓ என்ற பெயரில் ஒருவன். மோசடிக் கேஸ், ஓயாத வாய். நான் குளிக்கப் போயிருந்தபோது உன் கடிதத்தை எடுத்து மற்றவர்களுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். நான் உள்ளே நுழையும்போது, "பதினாறு வருஷமா வாங்கிக்கிட்டு ஒக்காந்திருக்கான்னா, அவளுக்கே அது புடிச்சிருக்கும்யா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் அவன் பின்னந்தலையைப் பிடித்துச் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் மோதினேன். முன்பற்கள் சோற்றுத் தட்டில் விழுந்தன. மறுபடி மோதினேன். அவன் கையைத் தூக்கி ஏதோ சொன்னான், காதில் விழவில்லை. நாலு பேர் சேர்ந்து என்னைப் பிரித்துச் சுவரோடு அழுத்தினார்கள்.

அப்போது வாயில் ரத்த ருசி தெரிந்தது. என் ரத்தம்தான். நாக்கு பல்லுக்கு நடுவில் இருந்தது.

தனி அறையில் வேறு வேலை இல்லை, யோசித்தேன். உன்னைத் தள்ளியது எனக்கு நினைவே இல்லை அக்கா. பக்கத்துக் காரின் கதவு நசுங்கியதென்று குற்றப்பத்திரிகையில் இருந்தது. குழாய் பட்டிருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது நீயா?

ஆகஸ்ட் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள். முழுத் தண்டனையும் அனுபவிக்க வேண்டும். அவனிடம் சொல்லாதே. நான் வரப்போகிறேன் என்று பயந்துகொண்டே கிடக்கட்டும்.

ஒன்று கேட்கிறேன், உள்ளதைச் சொல். 'அறைவார், தள்ளுவார்' என்றெல்லாம் எழுதியிருந்தாய். அது பழைய கதையா, இப்போதும் நடக்கிறதா? அந்த ஊன்றுகோல் எதனால் செய்தது?

கியூதே


2022 ஆகஸ்ட் 3

தம்பி,

இது பெண்கள் காப்பகத்திலிருந்து. முகவரி எழுதக் கூடாதாம், இவர்களே அனுப்பி வைப்பார்கள். வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது. இங்குள்ள கணினியில் இடது கை விரல் ஒன்றால் தட்டுகிறேன். பிழை இருக்கும்.

நீ சொல்லாதே என்றாய். நான் சொல்லவில்லை. அடிபட்டவன் என்ற முறையில் அவனுக்கே செய்தி வந்துவிட்டது, நீ இந்த முறை வெளியே வரவில்லை என்று. படித்துவிட்டுப் பொரித்த கோழியும் பீரும் வரவழைத்தான். எனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினான். "ஒக்காரு, சாப்புடு. ஒன் தம்பி வரலயாம்." நீ ஊன்றுகோலைப் பற்றிக் கேட்டாயே, இத்தனை நாள் அது தரையைத் தட்டியதோடு நின்றது. ஏன் நின்றது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, நீ வருவாய் என்ற பயம்.

சாப்பிட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்தேன். பட்டப் பகல். அவன் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றான். திரையில் ஒரு லிஃப்ட். ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்தைப் பிடித்துக் கண்ணாடியில் மோதினான்.

"என்ன படம் இது?"

"வேலை."

"அவ என்ன பண்ணான்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது. சத்தம் வராது."

"அப்பறம் எப்படி நீ முடிவு பண்ணுவ?"

"அவ என்ன பண்ணான்னு கேக்கவே மாட்டாங்க. அவன் அடிச்சானான்னு மட்டும்தான் கேப்பாங்க."

அடி என்று குறித்தேன்.

"அழி அத."

"நான் அழிச்சாலும் மத்த ரெண்டு பேரும் இதையேதான் சொல்லுவாங்க."

"எந்த ரெண்டு பேரு?" என்று கேட்டுவிட்டு வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தான். யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று நினைத்தவன் மாதிரி.

பிறகு லேப்டாப்பின் மூடியை என் விரல்களின் மேல் அறைந்து மூடினான். மூடியதோடு விடவில்லை, முழு உடம்பையும் அதன்மேல் போட்டு அழுத்தினான். இரண்டு விரல் முறிந்தது எனக்கே கேட்டது. நான் கையை உருவிக்கொண்டதும் ஊன்றுகோலை எடுத்தான். அலுமினியம் கியூதே, லேசாகத்தான் இருக்கும். முதுகில் விழுந்தது, தோளில் விழுந்தது, பிறகு காதில். இடது காது இன்னும் கேட்கவில்லை. அடுத்ததற்கு ஓங்கியபோது அதன் முனையைப் பிடித்துவிட்டேன். இழுத்தேன். ஒற்றைக் காலில் நின்றவன் கோழி எலும்புகளுக்கு நடுவே போய் விழுந்தான்.

இப்போது கோல் என்னிடம் இருந்தது. தோளில் ஒன்று போட்டேன். காறை எலும்பு உடைந்தது. மறுபடி ஓங்கினேன். அடுத்தது தலையில்தான், இடம்கூடப் பார்த்துவிட்டேன். அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி "அம்மா" என்றான். இரக்கம் வந்து நிறுத்தவில்லை. முறிந்த விரல் கோலைப் பிடிக்க விடவில்லை, நின்றுவிட்டேன். நின்ற பிறகு, நின்றது சரி என்று பட்டது. செருப்பு போடாமல் கீழே இறங்கிச் சலவைக்கடைக்குப் போனேன். கடைக்காரி ஷட்டரை இறக்கிவிட்டுப் போலீசைக் கூப்பிட்டாள்.

போலீஸ்காரர் இளம்பிள்ளை. "மொதல்ல இருந்து சொல்லுங்கம்மா" என்றார். எது தொடக்கம் என்று எனக்கு இப்போது தெரியும். கல்யாணமாகி இரண்டாவது மாதம், நான் வெளியே போகாதபடி வீட்டுச் சாவியை ஒளித்து வைத்தான், அங்கிருந்து சொன்னேன். கடைசியில் கேட்டார், "அவரோட தோள் எலும்ப யாரு ஒடச்சது?" "நான்தான். அதையும் எழுதிக்கங்க" என்றேன். பிறகு கேட்காமலே இன்னொன்றும் சொன்னேன். உன் வழக்கில் நான் சொன்ன சாட்சி உண்மை இல்லை என்று. அவர் கணினியில் தட்டுவதை நிறுத்திவிட்டார். "அது ஒங்க மேலயே தனி வழக்காகும், தெரியுமா?" தெரியும் என்றேன்.

அவனைக் காவலில் வைத்திருக்கிறார்கள். என்னையும் கூப்பிடுவார்கள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கப் போவதில்லை. அந்த ஓவின் பற்களுக்கு என் இரண்டு விரல் போயிருக்கிறது. நீ யாரையோ அடிக்கும்போதெல்லாம் அது சுற்றிக்கொண்டு என்மேல்தான் வந்து விழுகிறது. வெளியே வந்த பிறகு சங்பேயைத் தேடிப் போனாய் என்றால் மறுபடியும் கூண்டில் ஏறுவேன். அன்றைக்கு ஒன்றையும் விடாமல் சொல்வேன்.

கை சரியானதும் வேலையைத் தொடரப் போகிறேன். புதுக் கணக்கு, என் பெயரில்.

அக்கா


2022 ஆகஸ்ட் 30

அக்கா,

அந்த ஊன்றுகோல் எதனால் செய்தது என்று கேட்டவன் நான். பதிலை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நேற்று அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். வழுக்கைத் தலை, கையில் காப்பி. எனக்கும் ஒன்று வாங்கி வந்திருந்தார். உட்கார வைத்துச் சொன்னார்.

"ஒங்க அக்கா கோர்ட்டுல பொய் சொன்னேன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. தெரிஞ்சே சொன்னது நிரூபணமாச்சுன்னா அவங்களுக்குத் தண்டன கெடைக்கும். அதே நேரம் ஒங்க வழக்க மறுபடி விசாரிக்கச் சொல்லி நீங்க மனு போடலாம். அக்காவ அடிச்சான்னுதான் அடிச்சேன்னு சொன்னீங்கல்ல, அது எடுபடும். வருஷம் கொறையும்."

"நான் என்ன செய்யணும்?"

"அவங்க தெரிஞ்சேதான் பொய் சொன்னாங்கன்னு நீங்க சொல்லணும். அந்தக் கறுத்த கண்ண நீங்க பாத்திருக்கீங்க. ஒங்கள விட்டா வேற சாட்சி கெடையாது."

காப்பியைக் குடித்து முடித்தேன். அக்கா, நான் பெரிய மனது படைத்தவன் இல்லை. ஒரு வருடம் குறைந்தால் ஒரு வருடம். அந்தக் கணக்கெல்லாம் மனதுக்குள் ஓடத்தான் செய்தது.

பிறகு சொன்னேன். "அவ பொய் சொல்லல."

"என்ன?"

"அடிச்சதுண்டான்னு கேட்டாங்க. அதுக்குப் பேரு அடின்னு அவளுக்கு அன்னைக்குத் தெரியாது. எங்க வீட்ல நாங்க பாத்து வளந்த அடி வேற. யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லல. நானும் ஒக்காந்து ஒரு வார்த்த கேக்கல, நேரா குழாயத் தூக்கிட்டேன்."

"அப்ப ஒங்க தண்டன அப்படியே நிக்கும்."

"நிக்கட்டும். விழுந்தவன மறுபடி மறுபடி அடிச்சது நான்தான். அவ போதும்னு கட்டிப் புடிச்சா, அவளையும் தள்ளினேன். அத எழுதிக்கங்க, அது குற்றப்பத்திரிகையில இல்ல."

அவர் பேனாவைத் திறந்தார். எழுதினார். படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பயம் எவ்வளவு, தெரியாமை எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை என்று எழுதினாயே, அந்தப் பயத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதைச் சொல்வதா வேண்டாமா என்பது உன் விருப்பம்.

என்னை வேறு அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் மதியச் சாப்பாடு வேலைக்கூடத்தில் எல்லாருக்கும் ஒன்றாகத்தான். இன்று ஓ எனக்கு எதிரே உட்கார வேண்டியதாயிற்று, வேறு இடம் இல்லை. முன்பல் இல்லாமல் முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயைக் கடைவாயால் கடிக்கப் பார்த்து, முடியாமல் துப்பினான். நான் என் தட்டிலிருந்த மெத்தென்ற டோஃபுவை எடுத்து அவன் தட்டில் வைத்தேன்.

"என்னடா, இதுல துப்பி வச்சிருக்கியா?" என்றான்.

"இல்ல" என்றேன்.

என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கையை மேசைமேல் அவனுக்குத் தெரிகிற மாதிரி வைத்தேன். அதன் பிறகுதான் தின்றான்.

கியூதே